மடிக்கணினியில் கோப்புத் தேடலுக்கான இண்டெக்ஸிங்கை நிறுத்திவிடலாமா?

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்):
அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 10 இயங்கும் என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகமும், எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) அல்லாத பழைய வகை ஹார்டு டிஸ்க்கும் உள்ளன. கணினியை இயக்கிய பின் நெடுநேரம் டிஸ்க் ஓய்வில்லாமல் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் ‘சர்ச் இண்டெக்ஸர்’தான் முதலில் நிற்கிறது. அதைப் பின்னணியில் இயக்கும் ‘விண்டோஸ் சர்ச்’ சர்வீஸை அடியோடு நிறுத்திவிடுமாறு நண்பர் ஒருவர் சொல்கிறார். ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வேர்டு, பிடிஎஃப் கோப்புகளில் பழைய சொல்லாட்சிகளைத் தேடி எடுப்பது என் அன்றாட வேலை. மின்னஞ்சலுக்கு அவுட்லுக் வைத்திருக்கிறேன். இதே கணினியில் என் மகள் வலைநிரலாக்கமும் பழகுகிறாள். நிறுத்தினால் எதை இழப்பேன்?

வைகைக்கரை:
நீங்கள் தேடுவது கோப்பின் பெயரையா, அதன் உள்ளே இருக்கும் சொல்லையா என்பதே இங்கு முதற்கேள்வி. உள்ளிருக்கும் சொற்களை முன்கூட்டியே படித்து, நூலின் இறுதியில் வரும் சொல்லடைவைப் போல எழுதி வைப்பதுதான் இண்டெக்ஸரின் பணி. சர்வீஸை நிறுத்தினாலும் தேடல் அற்றுப்போகாது. ஆனால் ஒவ்வொரு கோப்பையும் அப்போதைக்கப்போது திறந்து பார்க்க வேண்டியிருப்பதால், உங்களைப் போன்றவருக்கு அது பெருந்தொல்லையாகிவிடும். கணினியில் நிறுவப்பட்ட அவுட்லுக்கின் அஞ்சல் தேடலும் இந்தச் சர்வீஸையே நம்பியிருப்பதால் அதுவும் மந்தமாகும். ஆகவே சர்வீஸைத் தொடாமல், செட்டிங்ஸில் ‘சர்ச்சிங் விண்டோஸ்’ பக்கத்தைத் திறந்து, ‘என்ஹான்ஸ்டு’ தேர்வாகியிருந்தால் ‘கிளாசிக்’குக்கு மாற்றுங்கள். முன்னது கணினி முழுவதையும் துழாவும். பின்னது டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற சில இடங்களோடு நின்றுகொள்ளும். மகளின் நிரல் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள், எனக்கு அதன்மேல்தான் ஐயம். வலைநிரலாக்கத்துக்கான துணை நிரல்கள் சேரும் ‘நோட் மாட்யூல்ஸ்’ என்ற ஒரு கோப்புறைக்குள் பல்லாயிரம் சிறு கோப்புகள் இருப்பது இயல்பு.

பழைய கணினி:
நான் சர்வீஸை நிறுத்தியே வைத்திருக்கிறேன். ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருள் எனக்குப் போதுமாக இருக்கிறது. அது விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் முதன்மைப் பட்டியலை நேரடியாகப் படிப்பதால், பெயர்களைச் சில நொடிகளில் திரட்டிவிடுகிறது. தவிர, நாளைக்கே எஸ்எஸ்டி பொருத்தினாலும் இண்டெக்ஸர் ஓயாமல் எழுதி அதன் ஆயுளைக் குறைத்துவிடும் அல்லவா?

தேடுபொறி:
பெயர் தேடலுக்கு ‘எவ்ரிதிங்’ மிகச் சிறந்தது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் தேவை அதுவன்று. எஸ்எஸ்டி குறித்த அச்சமும் மிகையானது. 150 டெராபைட் வரை எழுதலாம் என்ற உத்தரவாதம் உடைய 250 ஜிபி எஸ்எஸ்டியில் நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும், அந்த அளவை எட்ட 20 ஆண்டுகள் ஆகும். இண்டெக்ஸர் எழுதுவது அதில் ஒரு சிறு பங்கே.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளில் தமிழ், ஆங்கில எழுத்துகளாகவே பதிவாகியிருக்கும். யுனிகோடு தமிழில் தேடினால் அவை அகப்படமாட்டா. ஸ்கேன் செய்த பிடிஎஃப்களில் எழுத்தே இல்லை, வெறும் படம்தான். அத்தகையவற்றை யுனிகோடுக்கு மாற்றும்வரை இண்டெக்ஸிங்கால் பயனில்லை என்பதால், அவற்றைத் தனிக் கோப்புறையில் இட்டு விலக்கிவிடலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
மிக்க நன்றி. ‘கிளாசிக்’ ஏற்கெனவே தேர்வாகித்தான் இருந்தது. ஆனால் வைகைக்கரை ஐயப்பட்டது போலவே மகளின் கோப்புறை டாக்குமெண்ட்ஸுக்குள் இருந்தது. அதை விலக்கிவிட்டேன். இனி இண்டெக்ஸை ‘ரீபில்டு’ செய்ய வேண்டுமா?

வைகைக்கரை:
தேவையில்லை. விலக்கிய கோப்புறையின் பதிவுகளை இண்டெக்ஸரே நீக்கிக்கொள்ளும். தேடல் முடிவுகள் தவறாகவோ குறைவாகவோ வந்தால் மட்டும் ரீபில்டு செய்யுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க ஹார்டு டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், அன்றிரவு சார்ஜரை இணைத்து, கணினி உறக்க நிலைக்குப் போகாதபடி வைத்துவிடுங்கள்.