உள்ளுறை உவமம், இறைச்சி: எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பாலைப்பூ:
இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. உவமை, உருவகம் வரைக்கும் சிக்கல் இல்லை, தாமரைமுகம் என்றால் உவமை, முகத்தாமரை என்றால் உருவகம். ஆனால் சங்கப் பாடல்களில் வரும் உள்ளுறையும் இறைச்சியும் இரண்டுமே மறைபொருள் தருவன என்றுதான் கைடில் போட்டிருக்கிறது, அப்படியென்றால் எதற்கு இரண்டு பெயர்? தொல்காப்பிய நூற்பா கையில் இருக்கிறது. யாராவது பாட்டை வைத்துச் சொல்லுங்கள்.

ஊருணி:
குறுந்தொகை 8 எடுத்துக்கொள்ளுங்கள், ஆலங்குடி வங்கனார் பாடியது. 'கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்.' வயலோர மாமரத்தில் பழுத்துத் தானாக விழும் பழத்தை வாளைமீன் கவ்வுகிறது. இதைச் சொல்பவள் காதற்பரத்தை (தலைவன் மனைவியை விட்டு நாடிப்போகும் பெண்), அது தெரிந்தவுடன் பாட்டு திறந்துகொள்ளும்: பழம் தலைவன், மீன் அவள், நான் ஒன்றும் இழுக்கவில்லை, அவனாகத்தான் வந்தான் என்கிறாள். கருப்பொருளை, அதாவது அந்த நிலத்து மரம், மீன், பறவை போன்றவற்றை, ஒவ்வொன்றாக ஆட்களோடு பொருத்த முடிகிறதே, அதுதான் உள்ளுறை. அதே பாட்டில் வீட்டுக்குப் போனபின் மனைவி சொன்னபடி ஆடுகிறவனை 'ஆடிப்பாவை போல' (கண்ணாடியில் தெரியும் உருவம் போல) என்கிறாள், அது வெளிப்படையான ஏனை உவமம். ஒரே பாட்டில் இரண்டும் இருப்பதால் வகுப்பில் நான் எப்போதும் இதைத்தான் நடத்துவேன்.

கரிசல்காடு:
இறைச்சிக்கு குறுந்தொகை 37, பாலை பாடிய பெருங்கடுங்கோ. தலைவன் பிரிந்து போன வழியில் ஆண்யானை தன் பிடியின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். இங்கே யானைதான் தலைவன் என்று சமன் போட்டால் பாட்டு கெட்டுவிடும், ஏனென்றால் தலைவன் அந்த யானையைப் பார்க்கப் போகிறவன், பார்த்ததும் தலைவியின் நினைவு வந்து திரும்புவான் என்பதுதான் தோழி தரும் ஆறுதல். இப்படி ஆளோடு பொருத்தாமல் குறிப்பாகப் பொருள் தருவதுதான் இறைச்சி. 'அன்புறு தகுவன இறைச்சியுள் சுட்டலும் வன்புறை ஆகும்' (வன்புறை என்றால் வலியுறுத்தித் தேற்றுவது) என்ற தொல்காப்பிய நூற்பாவுக்கு இதைவிடத் தெளிவான பாட்டு எனக்குத் தெரியாது.

பாலைப்பூ:
சரி, இப்போது புரிகிறது. அப்புறம் குறுந்தொகை 25-இல் ஆரல்மீனைப் பார்த்து நிற்கும் குருகு? அது தலைவனா இல்லையா?

ஊருணி:
குருகைத் தலைவனாகப் பார்த்து, இரை கிடைத்ததும் போய்விடுகிறவன் என்று பொருள் சொல்லலாம். நான் ஒப்பமாட்டேன். அவன் தன்னைக் களவில் கூடியபோது வேறு யாருமே இல்லை, இருந்த ஒரே சாட்சியும் மீன்மேல் கண்ணாக நின்ற பறவை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தவிக்கிறாள். குருகை அவனாக ஆக்கினால் அந்தச் சாட்சி போய்விடும், கபிலர் 'குருகும்' என்று போட்ட உம்மைக்கும் ('உம்' என்ற சொல்லுக்கும்) வேலை இருக்காது.

கரிசல்காடு:
நானும் அந்தப் பக்கம்தான். இன்னொன்று, உள்ளுறை பெரும்பாலும் ஊரன், நாடன், துறைவன், வெற்பன் என்று தலைவனைக் குறித்து முடியும் வருணனைக்குள் இருக்கும், அங்கே முதலில் தேடுங்கள். ஆனால் அந்த இடத்தில் இறைச்சியும் வரலாம், அதனால் யார் கூற்று, அதாவது பாட்டில் பேசுவது யார், என்று பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். குறுந்தொகை 3 'பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே' என்று முடிகிறது. அதில் கருங்கோற் குறிஞ்சிப்பூவையும் தேனையும் பொருத்திப் பார்த்து இங்கே எழுதுங்கள், பேசலாம்.