ரங்கசாமி தோற்றதே இல்லையாம்! அப்போ ஏனாம் கணக்கு எதுல சேரும்?

கெடிலக்கரை:
ரெண்டு நாளா ஒரு ஃபார்வர்டு சுத்துது. "புதுச்சேரி முதல்வர் என்.ரங்கசாமி, தேர்தலில் தோல்வியே காணாத தலைவர்"னு, அவரோட என்.ஆர்.காங்கிரஸ் கட்சியோட ஜக்கு சின்னத்தோட. கடலூர் குரூப் வரைக்கும் வந்துடுச்சு. கொஞ்சமாவது சரிபார்த்துட்டு அனுப்ப மாட்டீங்களா? 2021ல அவர் தட்டாஞ்சாவடி, ஏனாம்னு ரெண்டு தொகுதியில நின்னார். ஏனாம்ல சுயேச்சை கொல்லப்பள்ளி சீனிவாஸ் அசோக்கிட்ட 655 ஓட்டுல தோத்தார். இதுக்குப் பேரு தோல்வி இல்லன்னா வேற என்ன?

தட்டாஞ்சாவடி மணி:
கடலூர்ல இருக்கறவங்களுக்கு எங்க தொகுதி மேல என்னா அக்கறை! எழுதி வெச்சுக்குங்க. 1991, 1996, 2001, 2006 நாலும் தட்டாஞ்சாவடி. 2011ல கதிர்காமம், இந்திரா நகர் ரெண்டுலயும் வெற்றி. 2016ல இந்திரா நகர். 2021ல திரும்ப தட்டாஞ்சாவடி, 5,456 ஓட்டு வித்தியாசம். 1991ல சட்டசபைக்குள்ள போனவரை அதுக்கப்புறம் வந்த ஒரு பொதுத்தேர்தலும் வெளிய அனுப்பல. அதைத்தான் தோல்வி காணாதவர்னு சொல்றோம்.

கெடிலக்கரை:
நீங்க போட்ட பட்டியல்ல 2011க்கு ரெண்டு தொகுதி இருக்கு. 2021க்கு மட்டும் ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க போச்சு? ஜெயிச்சா ரெண்டையும் எண்ணுவீங்க, தோத்தா ஒண்ண மட்டும் எண்ணுவீங்களா? 655.

பாகூர் ஏரிக்கரை:
இரண்டு பேரும் 1990ஐ விட்டுவிட்டீர்கள். ரங்கசாமி முதன்முதலில் நின்றது 1990இல், அதே தட்டாஞ்சாவடியில், காங்கிரஸ் வேட்பாளராக. ஜனதா தளத்தின் வி.பெத்தபெருமாளிடம் தோற்றார். அந்தச் சட்டசபை ஒரு வருடம்தான் ஓடியது. எம்.டி.ஆர்.ராமச்சந்திரன் ஆட்சி 1991 மார்ச்சில் முடிந்து உடனே அடுத்த தேர்தல் வந்தது, அதில்தான் ரங்கசாமி ஜெயித்தார். ஆக 2021 வரை 8 பொதுத்தேர்தல், 10 போட்டி, 8 வெற்றி, 2 தோல்வி. ஏனாம் ஒன்றுக்காக ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்?

தட்டாஞ்சாவடி மணி:
1990 எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அது அவர் வளர்றதுக்கு முன்னாடி. பேச்சு ஏனாம் பத்தி.

கெடிலக்கரை:
இந்த ஒரு விஷயத்துல மணியோட ஒத்துப்போறேன். பேச்சு ஏனாம் பத்தி. 1990ஐ இழுத்து ஏனாமை மூடாதீங்க பாகூர் ஐயா.

சின்னக்கடை சேது:
ஒரு சந்தேகம். 10 மனு போட்டார்னா...

பாகூர் ஏரிக்கரை:
10 மனு இல்லை தம்பி, 10 போட்டி. இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு தொகுதிக்கு ஒரு வேட்பாளர் 4 மனு வரை கொடுக்கலாம். ஒன்றில் கையெழுத்து பிசகினாலும் இன்னொன்று நிற்க வேண்டும் என்பதற்காகக் கூடுதல் செட் கொடுப்பார்கள். ஆனால் டெபாசிட் தொகுதிக்கு ஒன்றுதான். பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும், சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும். மனுவை எண்ணினால் கணக்கு எங்கேயோ போகும்.

கெடிலக்கரை:
நன்றி ஐயா, நீங்களே எனக்கு வக்கீல் வேலை பாத்துட்டீங்க. ஏனாமுக்குத் தனி டெபாசிட், தனி பிரமாணப் பத்திரம், தனி செலவுக் கணக்கு. முடிவு வந்து 30 நாளுக்குள்ள ரெண்டு தொகுதிக்கும் தனித்தனியா கணக்கு ஒப்படைக்கணும். சட்டம் ரெண்டு தேர்தலாப் பாக்குது, மணி ஒண்ணாப் பாக்கறார். ரெண்டு தேர்தல், ஒண்ணுல தோல்வி, 655 ஓட்டு.

தட்டாஞ்சாவடி மணி:
சட்டமா? வாங்க பேசலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 70. ரெண்டுல ஜெயிச்சா ஒண்ண விட்டே ஆகணும். அதுக்கு விதி கொடுக்கற கெடு 14 நாள். அதுக்குள்ள விடலன்னா ரெண்டும் காலி. அப்ப ஏனாம்ல ஜெயிச்சிருந்தாலும் ஒரு எம்.எல்.ஏ. பதவிதான் கையில நிக்கும். இப்பவும் ஒண்ணு இருக்கு. அவருக்கு என்னா குறைஞ்சது? எதுவும் குறையாததுக்குப் பேரு தோல்வியா?

கெடிலக்கரை:
விடறதும் தோக்கறதும் ஒண்ணா? 2011ல இந்திரா நகரை ஜெயிச்சு, தானா ராஜினாமா பண்ணினார். அங்க இடைத்தேர்தல் வந்துச்சு, என்.ஆர்.காங்கிரஸே திரும்பப் பிடிச்சது. ஏனாமை யாரும் ராஜினாமா பண்ணல. அந்த நாற்காலியில அசோக் போய் உக்காந்தார். கையில இருந்த காசை தானம் பண்றதும் பஸ்ல பிக்பாக்கெட் குடுக்கறதும் உங்க ஊர்ல ஒரே கணக்கா? குறைஞ்சது கட்சிக்கு ஒரு சீட்டு. 16ல நின்னு 10 வந்தாங்க. 11 ஆகியிருக்க வேண்டியது.

சின்னக்கடை சேது:
11 ஆகி, 14 நாள்ல ஒண்ண விட்டு, மறுபடியும் 10 தானே அண்ணே?

கெடிலக்கரை:
இடைத்தேர்தல் வரும் தம்பி. காலியான நாள்லேருந்து 6 மாசத்துக்குள்ள நடத்தணும். அதுல ஜெயிச்சா 11. குறுக்க குறுக்க வராதீங்க.

விருதை வேந்தன்:
ரெண்டு தொகுதியில நிக்கறதே பயம். தன் ஊர் மேல நம்பிக்கை இருக்கறவன் ஒரு இடத்துலதான் நிப்பான்.

தட்டாஞ்சாவடி மணி:
வந்துட்டாரு அடுத்த கடலூர் மாவட்டம். 1985ல என்.டி.ராமாராவ் குடிவாடா, இந்துப்பூர், நல்கொண்டான்னு மூணுல நின்னு மூணையும் ஜெயிச்சார். அவருக்கும் பயமா? 1996ல சட்டம் திருத்தினப்புறம்தான் ரெண்டுக்கு மேல கூடாதுன்னு வந்துச்சு. அப்புறம் உங்க விருத்தாசலத்தைச் சொல்லட்டுமா? 2006ல தே.மு.தி.க.வுக்கு 234ல ஒரே ஒரு எம்.எல்.ஏ. குடுத்தீங்க, விஜயகாந்த். 2011ல உங்களை விட்டுட்டு ரிஷிவந்தியம் போனார், 2016ல உளுந்தூர்பேட்டை போய் மூணாவது இடம். தொகுதி மாறி மாறி நிக்கறதைப் பத்தி நீங்க பேசறீங்க!

விருதை வேந்தன்:
கேப்டனை இதுல இழுக்காதீங்க. விருத்தாசலத்துல அவர் தோக்கவே இல்ல. ரிஷிவந்தியத்துலயும் ஜெயிச்சு எதிர்க்கட்சித் தலைவர் ஆனார், 29 பேரோட. அவருக்கு ஒரு தோல்வின்னா அது உளுந்தூர்பேட்டை, எண்ணிக்கையில சேத்துக்கறோம், மறைக்கல. நீங்க ஏனாமை மறைக்கறீங்க.

கெடிலக்கரை:
அருமை. இதையேதான் முதல் பதிவுலேருந்து சொல்றேன். 655ஐ எழுதுங்க, அப்புறம் எவ்வளவு வேணாலும் புகழுங்க.

தட்டாஞ்சாவடி மணி:
655 655ன்னு ஜபம் பண்றீங்களே, அந்த எண்ணே சரியான்னு பாத்தீங்களா? ஏனாம் படிவம் 20ல, அதான் பூத் வாரியா ஓட்டுக் கணக்குப் போட்ட தாள்ல, பூத் பூத்தா கூட்டினேன். 655 வரல.

பாகூர் ஏரிக்கரை:
தபால் ஓட்டைச் சேர்த்தீர்களா? படிவம் 20இல் வாக்குச்சாவடி வரிசைகள் எல்லாம் முடிந்தபிறகு அடியில் மொத்தம் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே தபால் ஓட்டு தனி வரி. அதற்கும் கீழேதான் இறுதி மொத்தம். இயந்திர ஓட்டு மொத்தத்தோடு நிறுத்தினால் வித்தியாசம் இடிக்கத்தான் செய்யும். இன்னொன்று, 2016 பூத்தையும் 2021 பூத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். கொரோனா காரணமாக 2021இல் ஒரு பூத்துக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்து, பெரிய பூத்துகளை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய 12 அப்படியே இருக்கும், பக்கத்தில் 12ஏ முளைத்திருக்கும். 12க்கு 12 என்று ஒப்பிட்டால் பாதி ஓட்டு காணாமல் போனது போலத் தெரியும். 2011 தாளில் நோட்டா வரிசை இருக்காது, அது 2013க்குப் பிறகு வந்தது.

தட்டாஞ்சாவடி மணி:
தபால் ஓட்டு சேக்கலதான். அதனால என்னா? 655ஓ 600ஓ, ஏனாம் எங்க இருக்கு, தட்டாஞ்சாவடி எங்க இருக்கு! காக்கிநாடா பக்கத்துல ஆந்திராவுக்கு நடுவுல ஒரு ஊர். பேசறது தெலுங்கு. 30 தொகுதியில புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கு 1, ஏனாமுக்கு 1. அங்க 1996லேருந்து மல்லாடி கிருஷ்ணா ராவ் ராஜ்ஜியம். 2021ல அவர் தான் நிக்காம எங்க அய்யாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். அது மல்லாடியோட தோல்வி. அய்யா கணக்குல எழுதாதீங்க.

கெடிலக்கரை:
ஓட்டு மிஷின்ல இருந்தது யார் பேரு? யார் படம்? மல்லாடி படமா? கூப்பிட்டாங்க, போனார், நின்னார், தோத்தார். ஜெயிச்சிருந்தா "ஆந்திரா எல்லையிலயும் எங்க அய்யா கொடி"ன்னு பேனர் வெச்சிருப்பீங்க, அப்ப மல்லாடி பேரு வந்திருக்காது.

சின்னக்கடை சேது:
தொகுதி எண்ணைப் பாத்தா ஒண்ணு புரியுது. கதிர்காமம் 7, இந்திரா நகர் 8, தட்டாஞ்சாவடி 9. மூணும் ஒட்டி ஒட்டி இருக்கு. 2011க்கு அப்புறம் 7, 8, 9ல நின்னப்பல்லாம் வெற்றி. ஏனாம் 30, பட்டியல்ல கடைசி. வீட்டுப் பக்கம் இருந்தவரை ஒண்ணும் ஆகல.

தட்டாஞ்சாவடி மணி:
சேது சொல்றதுல அர்த்தம் இருக்கு. 7, 8, 9 எங்க கோட்டை.

கெடிலக்கரை:
கோட்டையா? 9ஐ 2019 இடைத்தேர்தல்ல தி.மு.க.வோட வெங்கடேசன் பிடிச்சாரே, அப்ப கோட்டைக் கதவு தொறந்து கெடந்துச்சா? 2021 பிப்ரவரியில அவர் ராஜினாமா பண்ணினதும் சேந்துதான் நாராயணசாமி ஆட்சி கவுந்துச்சு. பொதுத்தேர்தல் தொகுப்பை மட்டும் பாத்தா இந்த இடைத்தேர்தல் கண்ணுல படாது, அதுல தனியா வராது. அதனாலதான் ஃபார்வர்டு எழுதறவங்களுக்குத் தெரியல.

தட்டாஞ்சாவடி மணி:
2019ல நின்னது அய்யா இல்ல. வேற ஆளு தோத்ததை ஏன் இதுல சேக்கறீங்க?

கெடிலக்கரை:
அப்ப ஏனாம்ல நின்னது யாரு?

தட்டாஞ்சாவடி மணி:
நாராயணசாமி 2016ல முதல்வர் ஆனப்ப எம்.எல்.ஏ.வே இல்ல. ஜான்குமார் நெல்லித்தோப்பை விட்டுக் குடுத்து, நவம்பர்ல இடைத்தேர்தல் வெச்சு உள்ள வந்தார். அவரைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டீங்க. 2001, 2006, 2011, 2021ன்னு நாலு தடவை முதல்வராப் பதவி ஏத்தவரை மட்டும் நோண்டுவீங்க. 2008ல அப்ப அவர் இருந்த காங்கிரஸ்ல சொந்தக் கட்சிக்காரங்களே இறக்கினாங்க. 2011 பிப்ரவரி 7ல கட்சி ஆரம்பிச்சார். மே மாசம் 15 எம்.எல்.ஏ.வோட ஆட்சி. மூணு மாசம்! இப்படி யாராவது உங்க மாநிலத்துல பண்ணியிருக்காங்களா?

விருதை வேந்தன்:
அதே மே மாசம் கூட நின்ன அ.தி.மு.க.வைக் கழட்டி விட்டாரே, 5 பேர் ஜெயிச்சு வந்தாங்க, மந்திரி பதவி ஒண்ணு கூட இல்ல. சுயேச்சை ஒருத்தரை வெச்சு ஆட்சி. அம்மா எவ்வளவு வேதனைப்பட்டாங்கன்னு அ.தி.மு.க.காரனுக்குத்தான் தெரியும். அதை மறக்க மாட்டோம்.

சின்னக்கடை சேது:
வேந்தன் அண்ணே, நீங்க தே.மு.தி.க.ன்னு நினைச்சேன்?

விருதை வேந்தன்:
2011ல கூட்டணி. ரெண்டும் ஒண்ணுதான் அப்ப.

பாகூர் ஏரிக்கரை:
"உங்க மாநிலத்துல" என்கிறீர்களே மணி, புதுச்சேரி மாநிலம் இல்லை, யூனியன் பிரதேசம். 30 பேர் தேர்தலில் வருகிறார்கள், மேலே 3 பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம், அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 15ஐயும் 10ஐயும் தமிழ்நாட்டு எண்ணோடு ஒப்பிடுவதே பொருந்தாது.

தட்டாஞ்சாவடி மணி:
மாநில அந்தஸ்து கேட்டு சட்டசபையில எத்தனை தீர்மானம் போட்டாச்சு! நாங்க மாநிலம்னுதான் சொல்வோம். பாகூர்ல இருந்துகிட்டு இப்படி எழுத உங்களுக்கு மனசு எப்படி வருது?

பாகூர் ஏரிக்கரை:
மாநிலம் ஆக வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆசையை அட்டவணையில் எழுத முடியாது. 10 போட்டி, 8 வெற்றி, 2 தோல்வி.

தட்டாஞ்சாவடி மணி:
8 தேர்தல், 7 வெற்றி, 1990 ஒண்ணுதான் தோல்வி. ஒரு தேர்தலுக்கு ஒரு கணக்கு.

கெடிலக்கரை:
பாருங்க, ஃபார்வர்டு திருத்தி வந்திருக்கு. "1991க்குப் பிறகு தோல்வியே காணாத தலைவர்"னு. 1990ஐ ஒத்துக்கிட்டாங்க, சந்தோஷம். ஆனா 2021 எப்ப வந்துச்சு, 1991க்கு முன்னாடியா? யார் திருத்தினீங்களோ, ஏனாமையும் சேத்துத் திருத்துங்க. 655, எண்ணாலயும் எழுத்தாலயும் எழுதுங்க, அறுநூத்தி அம்பத்தஞ்சு.

தட்டாஞ்சாவடி மணி:
திருத்தினது நான்தான். இதுக்கு மேல ஒரு எழுத்து மாத்த மாட்டேன். அன்னிக்கே தட்டாஞ்சாவடியில ஜெயிச்சாச்சு.

கெடிலக்கரை:
அன்னிக்கே ஏனாம்ல தோத்தாச்சு.