கிளஸ்டர் ஊர்களைத் தேடி பிரைவேட் ஈக்விட்டி ஏன் வருகிறது?

வட்டிக்கணக்கு:
ஒரே தொழிலைச் செய்யும் கம்பெனிகள் ஒரு வட்டாரத்தில் குவிந்திருப்பதுதான் கிளஸ்டர். பிரைவேட் ஈக்விட்டி, அதாவது கம்பெனிகளை வாங்கிச் சில வருடம் வைத்திருந்து விற்கும் ஃபண்டுகளின் பணம், அங்கே தானாகத் தேடி வரும் என்பது என் கட்சி. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வார்சா என்று ஒரு சின்ன ஊர். செயற்கை இடுப்பு, முழங்கால் மூட்டுகளுக்குப் பேர்போனது. 1895இல் டிப்யூ கம்பெனி வந்தது. அதன் விற்பனைப் பிரிவில் இருந்த ஒருவர் வெளியேறி 1927இல் சிம்மரைத் தொடங்கினார். 1977இல் பயோமெட். 2007இல் பிளாக்ஸ்டோன், கோல்ட்மேன் சாக்ஸ், கே.கே.ஆர்., டி.பி.ஜி. என்ற நான்கு முதலீட்டு நிறுவனங்களும் கூட்டாக பயோமெட்டைச் சுமார் 1,140 கோடி டாலருக்கு வாங்கின. ஊர் சின்னது என்று யாரும் தயங்கவில்லையே.

பட்டறைக்காரன்:
வாங்கினார்கள், சரி. ஊரைப் பார்த்தா, கம்பெனியின் பணவரவைப் பார்த்தா? இந்த ஃபண்டுகள் பெரும்பாலும் கடன் எடுத்துத்தான் வாங்குகின்றன. அந்தக் கடனும் வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே விழுகிறது. வட்டி கட்ட நிலையான வரவு வேண்டும், மூட்டுத் தொழிலில் அது இருந்தது. பயோமெட் வேறு எங்காவது தனியாகக் கிடந்தாலும் வந்திருப்பார்கள்.

வட்டிக்கணக்கு:
தனியாகக் கிடந்தால் தலைமை இன்ஜினியர் ராஜினாமா செய்த மறுவாரம் யாரைப் பிடிப்பீர்கள்? கிளஸ்டரில் அடுத்த தெருவில் ஆள் இருக்கும். உதிரிப்பாகம் கடைந்து தருபவரும் அங்கேயே. அதைவிட முக்கியம், பக்கத்திலேயே விலைக்கு வரக்கூடிய சின்ன கம்பெனிகள். சின்னவற்றை லாபத்தின் குறைந்த மடங்குக்கு வாங்கிப் பெரிய கம்பெனியோடு சேர்த்தால், மொத்தத்தையும் கூடுதல் மடங்குக்கு விற்கலாம். ஃபண்டுகளின் பாதி வருமானமே இந்தக் கணக்கில்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்! அப்புறம், ஃபண்டு போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் வழி. 2015இல் பயோமெட்டை வாங்கியது அதே ஊர் சிம்மர்தான்.

பட்டறைக்காரன்:
என் பயமே அதுதான். வேலை தருவதில் போட்டியிட்ட மூன்று பெரிய கம்பெனிகள் இரண்டாகிவிட்டன. ஒரு தொழில் குவிந்த ஊரில் தொழில் ரகசியம் காற்றிலேயே கலந்திருக்கும் என்று பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே எழுதினார். அது கலப்பது ஆட்கள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால். சிம்மர் பிறந்த கதையை நீங்களே சொன்னீர்கள். போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற ஒப்பந்தம் கலிபோர்னியாவில் 1872 முதல் செல்லாது. சிலிக்கான் வேலி வளர்ந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஐந்தாறு வருடத்தில் விற்றுவிட்டுப் போக நினைக்கும் ஃபண்டு, நாளை பக்கத்துக் கம்பெனிக்குப் போகக்கூடிய பையனுக்குப் பயிற்சி கொடுக்கப் பணம் போடுமா?

மூன்றாம் கண்:
எல்லா ஃபண்டும் முழுசாக விழுங்குவதில்லை. இத்தாலியின் பொலோன்யா, பேக்கிங் எந்திரங்களுக்குப் பெயர்பெற்ற வட்டாரம். அங்கே ஐ.எம்.ஏ. கம்பெனிக்குள் 2020இல் பிசி பார்ட்னர்ஸ் என்ற ஃபண்டு வந்தபோதும் கட்டுப்பாடு உரிமையாளர் குடும்பத்திடமே இருந்தது.

பட்டறைக்காரன்:
குடும்பம் கடிவாளத்தை விடவில்லை, அதனால் தப்பித்தது. அதே வட்டாரத்தில் சசுவோலோ, செராமிக் டைல்ஸ் தொழிலின் மையம். அங்கே மராஸ்ஸி கம்பெனியை 2008இல் பெர்மிரா உள்ளிட்ட ஃபண்டுகள் பங்குச் சந்தையிலிருந்து வெளியே எடுத்தன. 2013இல் சுமார் 150 கோடி டாலருக்கு அமெரிக்காவின் மோஹாக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது.

வட்டிக்கணக்கு:
போனால் என்ன? மராஸ்ஸி இன்றும் அங்கேதான் டைல்ஸ் செய்கிறது. எந்திரம் செய்பவரும் மெருகு கலப்பவரும் இருக்கும் இடத்தை விட்டு மோஹாக் எங்கே போகும்?

பட்டறைக்காரன்:
ஆலை போகாது. புதிய முதலாளிகள் முளைக்க மாட்டார்கள் என்கிறேன்.

வட்டிக்கணக்கு:
வார்சாவிலேயே ஆர்த்தோபீடியாட்ரிக்ஸ் இருக்கிறதே! குழந்தைகளின் எலும்புச் சிகிச்சைக்கான கருவிகள் செய்கிறது. 2017இல் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது.

பட்டறைக்காரன்:
அது தொடங்கியது 2006. பயோமெட் ஃபண்டுகளின் கைக்குப் போனது 2007. அதற்கு அப்புறம் முளைத்த ஒன்றைச் சொல்லுங்கள், பேசுவோம்.