தண்டணுவா, குருத்தணுவா?

மண்டபத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் ஆறாப்புண்ணுக்கு ஸ்டெம் செல் (பெருகி வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்) வைப்பது பற்றி ஒரு துண்டறிக்கையைத் தமிழில் எழுதுகிறேன். முதலில் ‘நாள்பட்ட புண்’ என்று எழுதி அடித்துவிட்டேன். ஆறாப்புண் என்றால் கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் சட்டென்று விளங்கும். பாறை கிழித்த காயம் சில நாளில் பொருக்குத் தட்டிவிடும். இது மாசக்கணக்கில் மூடாது.

சிக்கல் ஸ்டெம் செல்லில்தான். ‘தண்டணு’ என்று போட்டு ஒரு பெரியவரிடம் வாசித்தேன். “முதுகுத் தண்டுலயா ஊசி போடுவாக?” என்று பதறினார். குற்றம் அவர்மேல் இல்லை. 1868இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஜெர்மனில் இந்தச் சொல்லை ஆண்டபோது, எல்லா உயிருக்கும் முன்னோரான ஓரணு உயிரை நினைத்தார். ‘ஸ்டாம்’ என்றால் அங்கே அடிமரம், குலவழி இரண்டும். நாம் ஆங்கில ஸ்டெம்மைப் பார்த்துத் தண்டைப் பிடித்துக்கொண்டோம்.

நான் குருத்தணுக் கட்சி. பனைக்கு ஓலை, பாளை எல்லாம் உச்சிக் குருத்திலிருந்துதான். குருத்து கருகினால் மரம் மொட்டை.

கீழக்கரையிலிருந்து:

அக்கா, சொல் நல்ல சொல்தான். ஆனால் புண்ணில் வைக்கிற செல் குருத்து வேலையா பார்க்கிறது? எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி இவற்றிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் செல்களில் தோலாக மாறித் தங்குபவை கொஞ்சமே. வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, அழற்சியைத் தணித்து, புது ரத்தக்குழாய்களை வரவழைப்பதே அவற்றின் பெரும்பங்கு. சதை பிடிப்பது நோயாளியின் சொந்தச் செல்கள். 1991இல் ‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரை நிலைநிறுத்திய அமெரிக்க ஆய்வாளர் ஆர்னால்டு கேப்ளனே 2017இல் அதை மாற்றச் சொன்னார். ‘மருந்தாகச் சேதி சொல்லும் செல்’ என்பது அவர் கேட்ட பெயரின் பொருள். மீன்பாடு பார்த்து ஆட்களை ஏவும் மண்டாடி மாதிரி. ‘ஏவலணு’ என்போமா?

மண்டபத்திலிருந்து:

தம்பி, ஏவல் என்றால் இங்கே செய்வினை! துண்டறிக்கையைப் படித்துவிட்டு எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பார்கள். ‘தூதணு’ யோசித்தேன், செல்லுக்குள் மரபுச் சேதி சுமக்கும் ‘தூது ஆர்என்ஏ’ குறுக்கே வருகிறது. ‘தூண்டணு’? தூண்டில் நினைவு வந்தாலும் கடற்கரையில் அது குறையில்லை. பொதுப்பெயர் குருத்தணு, ஆறாப்புண்ணில் இடுவது தூண்டணு.

தலைப்பில் வெறும் ‘சிகிச்சை’ வேண்டாம், ‘ஆய்வுச் சிகிச்சை’ என்றே போடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறை, ரத்த நோய்களுக்கான மாற்று போன்றவை தவிர மற்றதை ஆய்வுக்குள்தான் வைத்தது. நாளைக்குப் பெரியவரிடம் மறுபடி வாசித்துவிட்டு எழுதுகிறேன்.