ஈயமற்றது குண்டா, தோட்டாவா?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கலிபோர்னிய வேட்டைக் கையேட்டின் தமிழாக்கத்திற்கு 'ஈயமற்ற தோட்டா' என்ற சொல்லைத் தாங்கள் முன்மொழிந்திருந்தீர்கள். செவிக்கு அது இயல்பாகவே இருக்கிறது. ஆயினும் இந்த இடத்தில் அது பிழையான செய்தியைத் தந்துவிடும் என்று அஞ்சுகிறேன். பித்தளை உறை, அதன் அடியில் தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. வழக்கமான தீமூட்டிகளில் ஈய ஸ்டிஃப்னேட் என்னும் சேர்மம் இருப்பதால், செப்புக் குண்டு பொருத்திய தோட்டாவிலும் ஈயம் இருக்கக்கூடும். விலங்கின் உடலுக்குள் போவது குண்டு மட்டுமே. எனவே 'ஈயமற்ற குண்டு' என்பதே பொருந்தும்.

இதை வெறும் சொல்நுணுக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். 1982இல் உலகில் 22 கலிபோர்னியக் காண்டோர்களே எஞ்சியிருந்தன. பிடித்து வளர்த்து மீண்டும் காட்டில் விட்ட பிறகும், அந்தப் பிணந்தின்னிக் கழுகுகளை மிகுதியாகக் கொல்வது ஈய நஞ்சுதான். ஈயக் குண்டு உடலுக்குள் நொறுங்கிப் பொடித்துகள்களாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் பறவை அத்துகள்களையும் சேர்த்து விழுங்குகிறது. வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்ற விதி, அம்மாநிலம் முழுவதும் 2019 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. இலங்கை வழக்கில் துப்பாக்கிக் குண்டையும் வெடித்துச் சிதறும் உலோகத் துண்டையும் 'சன்னம்' என்பதுண்டு. குண்டுக்கு அச்சொல்லை எடுத்துக்கொண்டால், நமக்கு இன்றியமையாத இந்த வேறுபாடு மறைந்துவிடும். சிதறலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, குண்டின் முனை விரிவதற்கான சொல். கலிபோர்னியாவில் இருக்கும் என் மருமகன், தாம் சுட்ட காட்டுப்பன்றியின் மறுபக்கத் தோலடியில் சிக்கியிருந்த செப்புக் குண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முனை நான்காகப் பிளந்து, ஒவ்வொரு கீற்றும் பின்னோக்கி வளைந்திருக்கிறது. அடிப்பகுதியில் துப்பாக்கிக் குழலின் புரி (குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டிய வரிப்பள்ளம்) பதித்த சாய்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. கீற்று ஒன்றுகூட உடையவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் 'இதழ்', 'மலர்வு' என்னும் சொற்கள் தோன்றின. உயிர் பறிக்கும் கருவிக்குப் பூவின் சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இதய வால்வை 'மூவிதழ் வால்வு' என்று பாடநூல்கள் எழுதும்போது நாம் பூவை நினைப்பதில்லை, வடிவத்தையே நினைக்கிறோம். 'விரிவு' என்றால் வெப்பத்தால் உலோகம் விரிவதோடு குழம்பும்.

'மலர்வு' இருந்தால், குண்டு மலர்வதற்குத் தேவையான குறைந்த அளவு வேகத்திற்கு 'மலர்வேகம்' என்ற சொல்லும் எளிதாகக் கிடைக்கிறது. செம்பு ஈயத்தைவிடக் கடினமானது. இலக்கை எட்டும்போது வினாடிக்கு ஏறத்தாழ 550 முதல் 600 மீட்டர் வேகமாவது இல்லாவிட்டால், பல செப்புக் குண்டுகளின் இதழ்கள் சரிவரத் திறப்பதில்லை. அப்போது குண்டு ஊசிபோல் துளைத்துப் போய்விடும். விலங்கு காயத்தோடு ஓடி நெடுநேரம் துன்புற்றுச் சாகும். தோட்டாவைத் தேர்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தாம் சுடும் தொலைவில் அந்த வேகம் மிஞ்சியிருக்குமா என்பதைத்தான். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், ஈயத்தினுடையது 11.34 கிராம், ஆகவே ஒரே விட்டத்திலும் எடையிலும் செப்புக் குண்டு நீளமாகிறது, அதை நிலையாகச் சுழற்றக் குழலின் புரி நெருக்கமாக இருக்க வேண்டும். இதனால்தான் .30-06 என்னும் வேட்டைத் தோட்டா வகையில் 180 கிரெய்ன் (குண்டை நிறுக்கும் சிற்றலகு) ஈயக் குண்டைப் பயன்படுத்தியவர்கள், செம்புக்கு மாறும்போது 165 அல்லது 150 கிரெய்னுக்கு இறங்குகிறார்கள்; எடை குறைவதால் வேகம் கூடி, மலர்வேகம் மிஞ்சியிருக்கும் தொலைவும் நீள்கிறது.

ஆகவே அட்டவணைத் தலைப்புகளைத் தோட்டா, குண்டின் எடை, புரி நெருக்கம், மலர்வேகம் என்று மாற்றியிருக்கிறேன். 'புரி நெருக்கம்' எனக்கே முழு நிறைவு தரவில்லை. மரைவேலை அறிந்தவர்கள் அதைவிட நல்ல சொல் தந்தால் மாற்றிவிடலாம்.