டெர்மடோம் படம்: எதை நம்புவது?

கேள்வி: கொழும்பில் பிசியோதெரபி படிக்கிறேன். டெர்மடோம் என்றால் ஒரு தண்டுவட நரம்பு வேர் உணர்வு தரும் தோல்பகுதி. ஒரு புத்தகத்துப் படத்தில் சி6, சி7 (கழுத்தின் 6ஆம், 7ஆம் வேர்கள்) பட்டைகள் முதுகெலும்பிலிருந்து கைவரை தொடர்கின்றன, இன்னொன்றில் நடுவில் அறுந்திருக்கின்றன. வார்ட்டில் எதைப் பின்பற்றுவது?

பதில் 1: ரெண்டும் வேறு வேறு முறையில் வரைந்தவை. நரம்பியல் மருத்துவர் ஃபோர்ஸ்டர் (1933) ஒரு நரம்பு வேரை விட்டுவிட்டு மேலும் கீழும் உள்ளவற்றை வெட்டி, உணர்வு மிஞ்சிய இடத்தைக் குறித்தார். அதனால் பரப்பு அகலம். ஆய்வாளர்கள் கீகனும் கேரட்டும் (1948) முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் அழுத்திய வேரில் உணர்வு குறைந்த இடத்தைப் பார்த்தார்கள். ஒடுங்கிய நீள் பட்டைகள் வந்தன. அடுத்தடுத்த வேர்கள் தோலில் ஒன்றன்மேலொன்று படிவதால், ஒரு வேர் மட்டும் போனால் பெரிய மரப்பே இராது.

பதில் 2: எல்லையை விடுங்கள் தங்கச்சி, ஒவ்வொரு வேருக்கும் உரிய சோதனைப் புள்ளியைப் பாருங்கள் (சி கழுத்து, டி நெஞ்சு, எல் இடுப்பு, எஸ் அதற்குக் கீழுள்ள திரிக வேர்கள்). கைப்பெருவிரல் சி6, நடுவிரல் சி7, சின்னவிரல் சி8, முலைக்காம்பு மட்டம் டி4, தொப்புள் டி10, உட்கணுக்கால் எல்4, மேல்பாதம் எல்5, குதிக்காலின் வெளிப்பக்கம் எஸ்1. முதலில் கன்னத்தில் பின்னால் குத்திக் காட்டி, பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் "கூரா, மொட்டையா?" என்று கேளுங்கள். கண் மூடியிருக்கட்டும். கன்னம்போலவே என்றால் மதிப்பெண் 2, மாறியிருந்தால் 1, கூர் மொட்டை பிரிக்கத் தெரியாவிட்டால் 0. ஊசிமருந்து ஊசி வேண்டாம், தோலைக் கிழிக்கும். சுத்தமான சேஃப்டி பின் போதும், ஆளுக்கொன்று, பிறகு எறிந்துவிடுங்கள்.

பதில் 3: பஞ்சால் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். தொடுவுணர்வின் படிவு வலியுணர்வினதைவிட அகலம், ஒற்றை வேர்ப் பழுது அதில் ஒளிந்துவிடும். பலர் சறுக்குவது நெஞ்சில்: சி4க்குக் கீழே உடனே டி2 வரும், நடுவிலுள்ள வேர்கள் (சி5 முதல் டி1 வரை) கைக்குப் போய்விட்டன. கையைச் சோதிக்காமல் நெஞ்சில் மட்டும் மட்டம் குறித்தால் பிழையாகிவிடும்.