சகலையின் பிஎம்டபிள்யூ ஜெர்மன் காரா, செங்கல்பட்டுக் காரா?

குரோம்பேட்டைக்காரன்:
போன ஞாயிறு சகலை புதுசா எடுத்த பிஎம்டபிள்யூ எக்ஸ்1-ஐ மாமனார் வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தினார். பூசணிக்காய் உடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் முடிஞ்சதும், "நேரா ம்யூனிக்லேர்ந்து வந்த வண்டி மாமா"ன்னார். நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். "இல்ல மாமா, செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில மாட்டின வண்டி, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டினா வந்துரும்"னுட்டேன். பந்தியில ரெண்டு பேரும் முகம் பார்த்துக்கல. யார் சொன்னது சரி?

ஸ்பானர்சாமி:
நீங்கதான் சரி. 2007 மார்ச்ல பிஎம்டபிள்யூ அங்கே உற்பத்தி ஆரம்பிச்சாங்க. எக்ஸ்1 அந்த லைன்லேர்ந்து வர்ற வண்டிதான். சகலை ஜெர்மனின்னே சொன்னாலும் ம்யூனிக் தப்பு. இப்ப வர்ற எக்ஸ்1-க்கு ஜெர்மனியில ஊர் ரேகன்ஸ்பர்க்.

கோவை லேத்:
'உற்பத்தி'ங்கிற வார்த்தையை இவ்வளவு சுலபமா தூக்கிக் குடுக்காதீங்க. தகடு அடிக்கிற ப்ரெஸ் செங்கல்பட்டுல இல்ல. பாடி வெல்டிங் இல்ல, பெயின்ட் ஷாப்பும் இல்ல. பெயின்ட் அடிச்ச பாடி பெட்டியில கப்பல் ஏறி வருது, நாம போல்ட் போடறோம். முறுக்கு சுடறதும், வாங்கின முறுக்கைத் தட்டுல அடுக்கறதும் ஒண்ணா? நான் லேத்துல இருபது வருஷம் நின்னவன், சீவல் விழாத இடத்தைப் பட்டறைன்னு சொல்ல மாட்டேன்.

ஸ்பானர்சாமி:
கடை மாவுல ஊத்தின இட்லி வீட்டு இட்லி இல்லைன்னு உங்க வீட்டம்மா கிட்ட சொல்லிப் பாருங்கண்ணே.

ஆட்டோபான்:
இங்கே எல்லாரும் அடிப்படையை விட்டுட்டுப் பேசறீங்க. வடிவமைப்பு, சோதனை, தரக் கட்டுப்பாடு எல்லாம் ம்யூனிக் தலைமையகத்தோட கையில. போல்ட்டை எந்த ஊர்ல முறுக்கினா என்ன? இன்னொண்ணு, உலகத்துல எந்த பிஎம்டபிள்யூவோட சேசிஸ் நம்பரை வேணும்னாலும் பாருங்க, டபிள்யூபிஏன்னு ஆரம்பிக்கும். டபிள்யூ என்றால் ஜெர்மனி. விவாதம் முடிந்தது.

ஸ்பானர்சாமி:
முடியல சார். முதல் மூணு எழுத்து தயாரிப்பாளர்னு பதிவான கம்பெனியைச் சொல்லும், லைன் ஓடுற ஊரை இல்ல. தென்னாப்பிரிக்காவுல ரோஸ்லின்ல செஞ்ச 3 சீரிஸ் டபிள்யூபிஏ போட்டுக்கிட்டே அமெரிக்காவுக்குப் போச்சு. பதினோராவது எழுத்தைப் பார்த்தாத்தான் எந்த ப்ளான்ட்னு தெரியும். இன்னொரு பக்கம், அமெரிக்காவுல செய்யற எக்ஸ்5-ல நம்பர் 5யூஎக்ஸ்னு ஆரம்பிக்கும், அதுல டபிள்யூவே இல்ல. எக்ஸ்5 முதன்முதலா 1999-ல வந்ததே தென் கரோலினாவுல ஸ்பார்டன்பர்க்லேர்ந்து. எண்ணிக்கையில பிஎம்டபிள்யூவோட பெரிய ப்ளான்ட் அதுதான், வருஷத்துக்கு நாலு லட்சம் வண்டி பக்கம். அதுல நிறைய சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியா வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுது. எக்ஸ்5-ஐ ஜெர்மன் எஸ்யூவின்னு பெருமை பேசறவங்க கிட்ட இதைச் சொல்லிடாதீங்க, பாவம்.

ஆட்டோபான்:
நம்பர் விஷயத்துல திருத்தம் ஏற்கிறேன். ஆனால் கருத்து மாறாது. பிஎம்டபிள்யூ இசட்4-ஐ ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் மேக்னா என்ற கம்பெனி செய்து கொடுத்தது, அதே இடத்தில் டொயோட்டா சுப்ராவும். அதனால் சுப்ரா ஆஸ்திரியக் கார் ஆகிவிடுமா?

கோவை லேத்:
ஆகும்! ஏன் ஆகக்கூடாது? உங்களுக்கு பேட்ஜ் வேணும், எனக்குப் பட்டறை வேணும்.

கணக்கர்:
உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டுச் சுங்க வரியைப் பாருங்கள். நாற்பதாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள கார் முழுதாக இறங்கினால், எல்லாம் சேர்த்து வரி நூறு சதவீதத்தைத் தாண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் கோக்காமல் உதிரியாக வந்தால் 15 சதவீதம். 2011 பட்ஜெட்டில்தான் இதைக் கறாராகப் பிரித்தார்கள்: கோத்த எஞ்சினோ கியர்பாக்ஸோ வந்தால் அது முழு உதிரி ஆகாது, வரி கூடும். எஞ்சினை இங்கே கோப்பதற்குப் பின்னால் மண் பாசம் இருக்கிறது என்று யாரும் கண் கலங்க வேண்டாம்.

ஜிஎஸ்டி ரோடு:
ஆறு வருஷம் மறைமலை நகர்ல ஒரு உதிரிபாகக் கம்பெனியில இருந்தவன், பேர் வேண்டாம். லேத் அண்ணன் சொல்றதுல பாதி உண்மை. ஆனா 2015-ல அந்த பிஎம்டபிள்யூ ப்ளான்ட்ல உள்ளூர்ச் சரக்கை 50 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க. எஞ்சினைக் கோத்துத் தர்றது ஃபோர்ஸ் மோட்டார்ஸ். அச்சு (ஆக்சில்) இசட்எஃப் ஹீரோ, டோர் பேனல் ட்ராக்ஸ்ல்மையர், சீட் லியர். அந்த வருஷம் சச்சினைக் கூட்டிட்டு வந்து ஒரு 5 சீரிஸ்ல கை வைக்கச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?

'வெறும் போல்ட்'ங்கிற பேச்சுதான் எனக்குப் பொறுக்கல. கார் லைன்ல மேரேஜ் ஸ்டேஷன்னு ஒண்ணு உண்டு. மேலேர்ந்து பாடி இறங்கும், கீழேர்ந்து எஞ்சினும் அச்சும் ஏறி வரும், ரெண்டும் சேர்ற இடம், அதான் கல்யாணம். ஒவ்வொரு போல்ட்டும் குறிச்ச டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசைக்கு, வந்தாத்தான் கருவியில பச்சை எரியும். ஒண்ணு சிவப்பு காட்டினா வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது, லைன்ல இருக்கிற அத்தனை பேரும் திரும்பி உன்னையே பார்ப்பாங்க. அப்புறம் வாட்டர் டெஸ்ட்: தண்ணியைப் பீச்சி அடிச்சிட்டு, உள்ளே கார்பெட்டுக்கு அடியில கையை விட்டுத் தடவிப் பார்க்கணும். வெயில்ல அது சுகமான வேலை, மார்கழியில செஞ்சு பாருங்க.

கோவை லேத்:
தம்பி, வேலையைக் குறைச்சுச் சொல்லல. பேரைத்தான் கேக்கறேன். அசெம்ப்ளின்னு சொல்லுங்க, கும்பிட்டுட்டுப் போறேன். அதே சென்னைப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்க. 1998-ல சான்ட்ரோ வந்த ஹூண்டாய் ப்ளான்ட். சுருள் தகடு உள்ளே போகும், கார் வெளியே வரும். ப்ரெஸ், வெல்டிங், பெயின்ட், எஞ்சின் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. கொரியாக் கம்பெனி, ஆனா கார் நம்ம ஊர்க் கார். இதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

ஆட்டோபான்:
அப்படியானால் உங்கள் கணக்கில் செங்கல்பட்டு எக்ஸ்1 எந்த ஊர்? பாடி ஒரு நாடு, எஞ்சின் கோப்பது இங்கே.

கோவை லேத்:
அது ஜெர்மன்காரன் வீட்டுப் பொண்ணு, கல்யாணம் மட்டும் செங்கல்பட்டுல.

ஸ்பானர்சாமி:
கல்யாணம் நடந்த ஊர்லதானேண்ணே பதிவும் பண்ணுவாங்க.

குரோம்பேட்டைக்காரன்:
இப்பத்தான் கீழே போய் என் பழைய ஐ10-ல சேசிஸ் நம்பர் பார்த்துட்டு வந்தேன். எம்ஏஎல். எம்ஏ-ன்னா இந்தியாதானே? லேத் அண்ணன் கணக்குப்படி இந்த வீட்டுல நான்தான் சுத்தமான உள்ளூர்க் கார் வச்சிருக்கேன். எக்ஸ்1-ல பதினோராவது எழுத்து என்னன்னு சகலைக்கு வாட்ஸப் போட்டேன். பதில் வந்துருச்சு: "அதெல்லாம் இருக்கட்டும், இந்த ரேகன்ஸ்பர்க் எங்க இருக்கு? மாமா கேக்கறார்."